வாங்குவோர் செலுத்தும் வரியும் வாங்குவோர் அறியாக் கணக்கும்

(திருவாமாத்தூரில் கூடிய தமிழன்பர்கள்முன் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கணக்கைப் பற்றிப் பேசுதற்குத் திருவாமாத்தூரினும் பொருத்தமான ஊர் இவ்வட்டாரத்தில் வேறில்லை. இவ்வூர்க் கோயிலின் வட்டப்பாறை நெடுங்காலமாக வழக்குத் தீர்க்கும் இடமாக மதிக்கப்பெற்று வருகின்றது. கொடுக்கல் வாங்கலில் பிணக்குற்றவர் அதன்முன் நின்று சூளுரைப்பர். அங்கே பொய்ச்சூள் உரைத்தவன் தப்பமாட்டான் என்பது ஊரார் நம்பிக்கை. நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, சூளுரைக்கும் நிலை ஏன் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கணக்கு எழுத்தில் இல்லாமல் இருந்திருக்கும். அல்லது, எழுத்தில் இருந்தும் இருவருள் ஒருவருக்கு மட்டுமே விளங்கியிருக்கும். எழுத்து இருவருக்கும் விளங்கியிருந்தால் பாறைக்கு வேலையில்லை.

இன்று தமிழ்நாட்டின் கடைத்தெரு ஒவ்வொன்றிலும் அந்நிலைதான் நிலவுகின்றது. பொருளுக்குப் பணம் கொடுக்கின்றான் தமிழன். அப்பணத்துள் வரி அடங்கியிருக்கின்றது. எவ்வளவு என்று அவன் அறியான். கையில் தரப்பெறும் விற்பனைச் சீட்டைப் படிக்க அவனால் இயலவில்லை. படித்தவனும் படிப்பதில்லை. வீட்டு வாயிலை அடையுமுன்னரே அச்சீட்டு கசங்கித் தெருவில் விழுந்துவிடுகின்றது.

செலுத்துவோர் யார்?

வரி கட்டுவோர் என்றவுடன் ஆலை முதலாளியும் பெருவணிகரும் மாடி வீட்டாருமே பலர் நினைவுக்கு வருகின்றனர். வருவாய் வரியைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். விற்பனை வரிக்கு அது பொருந்தாது. திண்டிவனத்துச் சாலையோரத்தில் கல்லுடைக்கும் தொழிலாளி ஒரு வழலைக்கட்டி வாங்குகின்றான். சோப்பு என்று அவன் சொல்வது அதைத்தான். அதன் விலைக்குள் வரி இருக்கின்றது. அவன் மகளுக்கு வாங்கும் ஈரட்டிப் பொட்டலத்துள் வரி இருக்கின்றது. அவன் மனைவி வாங்கும் மிளகாய்த்தூளில், நல்லெண்ணெயில், பற்பசையில் வரி இருக்கின்றது. மாடி வீட்டான் ஒரு பற்பசைக்குச் செலுத்தும் வரி எவ்வளவோ அவ்வளவே குடிசை வீட்டானும் செலுத்துகின்றான். வருவாய் மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபட்டாலும் இவ்வரி வேறுபடுவதில்லை.

கடைக்காரர் வரி கட்டுகிறார் என்பதும் பாதி உண்மையே. அவர் வரியைத் தண்டி அரசிடம் சேர்ப்பவர், சுமந்து செல்பவர். சுமையின் விலையைக் கொடுப்பவர் வாங்குவோர். கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால், கணக்குத் தெரியாதவனுடைய உரிமை ஏட்டிலேயே கிடக்கும்.

உல்கிலிருந்து விற்பனை வரி வரை

வரி தமிழனுக்குப் புதிதன்று. உல்கு என்னும் சொல்லைத் திருவள்ளுவர் 756-ஆம் குறளில் ஆண்டிருக்கின்றார். புகார்த் துறையில் இறங்கும் பொருள்களுக்கும் ஏறும் பொருள்களுக்கும் புலிப்பொறி இட்டுக் காத்த உல்கு அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அங்காடிப்பாட்டம், தட்டார்ப்பாட்டம், தறியிறை, செக்கிறை என்று வரிகள் பெயர் பெயராக எழுதப்பட்டுள்ளன. முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்த சோழன் என்றே பெயர் பெற்றான். அக்கால வரிகள் எல்லாம் இனியவை என்று யாரும் சொல்ல வேண்டா. குடிகளை வருத்திய வரிகளும் இருந்தன. ஆயினும் ஒன்றை மறுத்தற்கியலாது. அவ்வரிகளின் பெயர்கள் தமிழில் இருந்தன; ஊர்ப் பொதுவிடமான கோயிற் சுவரில், கல்லில், தமிழில் வெட்டப்பட்டிருந்தன.

இக்கால விற்பனை வரியின் தொடக்கமும் தமிழ்நாட்டிலேயே அமைந்தது. 1937-இல் பதவியேற்ற இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை அவ்வாண்டிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள்ளும் சாராயமும் தந்த வருவாய் குறைந்தது. அவ்விழப்பை ஈடுசெய்யப் பிறந்ததே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பலவகைப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதன்முதல் விதித்தது சென்னை மாகாணமே. அன்று அதன் அளவு நூற்றுக்கு அரை. அதாவது, இருநூறு உருபாய்க்கு ஓர் உருபா.

பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2007 சனவரி 1 முதல் கூட்டுமதிப்பு வரி வந்தது. ஒரே பொருள் கைமாறும்தோறும் வரியின்மேல் வரி ஏறுவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஒவ்வொரு வணிகரும் தாம் ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் அரசுக்குச் செலுத்துவர். 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் பணி வரி நடைமுறைக்கு வந்தது. கடைத்தெருவில் ‘ஜி.எஸ்.டி.’ என்று வழங்குவது இதுவே.

முன்னைய வரிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1939 முதல் 2017 வரை, தமிழ்நாட்டுக் கடையில் விற்கும் பொருளுக்கு விற்பனை வரி எவ்வளவு என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே பெரும்பாலும் முடிவு செய்தது. இன்று அதைப் பரிந்துரைப்பது நடுவண் நிதியமைச்சர் தலைமையிலான வரி மன்றம். அம்மன்றத்தில் மூன்றிலொரு பங்கு ஒப்போலை வலிமை நடுவண் அரசுக்கு. எஞ்சிய மூன்றிலிரு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. முடிவுக்கு வேண்டுவதோ நான்கில் மூன்று பங்கு. மாநிலங்கள் அனைத்தும் ஒன்றாக நின்றாலும் நடுவண் அரசின்றி ஒன்றும் செய்தற்கியலாது என்பது இதனால் விளங்கும். மன்றத்தின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்துவன அல்ல என்று 2022 மே 19-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. எனினும் கடைத்தெருக் கணக்கு மன்றம் சொன்னபடியே நடந்து வருகின்றது.

இங்கே ஒரு முரணையும் சுட்டுதல் வேண்டும். மதுவருவாயை விட்டதற்கு ஈடாகப் பிறந்த விற்பனை வரி இன்று தில்லியுடன் பங்கிடப்பட்டுவிட்டது. குடிக்கும் மதுவின் மேலான வரியோ பொது வரிக்குள் அடங்காமல் மாநிலத்திடமே எஞ்சி நிற்கின்றது. கன்னெய் எனப்படும் பெட்ரோலும் டீசலும் அவ்வாறே. மாநிலம் தன் விருப்பப்படி வரியைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பெரும்பொருள்கள் அவையே. 2021-இல் தமிழ்நாட்டரசு பெட்ரோல் வரியை இலிட்டருக்கு 3 உருபா குறைத்தது அவ்வுரிமையால்தான்.

ஒரு மாவும் இருபத்தொன்றில் ஒன்றும்

இனிக் கணக்குக்கு வருவோம். 2025 செபுதம்பர் 22 முதல் அன்றாடப் பொருள்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்குகின்றன: வரியில்லாதவை, நூற்றுக்கு 5 உடையவை, நூற்றுக்கு 18 உடையவை. பொன்னுக்கு நூற்றுக்கு 3. தீங்கு தருவனவும் பகட்டானவுமான சிலவற்றுக்கு நூற்றுக்கு 40. இவ்வரி எதுவாயினும் தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது அதன் சரிபாதி நடுவண் அரசுக்கு, சரிபாதி தமிழ்நாட்டரசுக்கு. சீட்டில் ‘சி.ஜி.எஸ்.டி.’ என்று அச்சாகியிருப்பது நடுவண் பாதி, ‘எஸ்.ஜி.எஸ்.டி.’ என்றிருப்பது மாநிலப் பாதி. சீட்டில் அடையாளங் காண்பதற்காகவே இவ்வெழுத்துகள் இங்கே சொல்லப்பட்டன.

நூற்றுக்கு ஐந்து என்பது என்ன? இருபதில் ஒன்று. இருபதில் ஒன்றுக்குத் தமிழ் எண்சுவடியில் தனிப்பெயரே உண்டு: அது ஒரு மா. அதிற் பாதி அரைமா. ஆகவே ஐந்து விழுக்காட்டு வரி ஒரு மா வரி. அதில் அரைமா தில்லிக்கு, அரைமா தமிழ்நாட்டுக்கு. 2007 முதல் 2011 வரை பல பொருள்களுக்கு இருந்த பன்னிரண்டரை விழுக்காடு என்பது எட்டில் ஒன்று. நம் பாட்டன் சொல்லில் அரைக்கால். அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை திண்ணைப் பள்ளியிலேயே மனப்பாடமாகச் சொன்ன இனம் இது. அவ்வினத்தின் பெயரன் ஐந்து விழுக்காட்டுக்குக் கணக்குப் பொறியைத் தேடுகின்றான்.

கணக்கு இருவகைப்படும். வரி விலையின்மேல் வருவது ஒன்று. விலைக்குள் அடங்கியிருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மயக்குவதாலேயே பிழை நேர்கின்றது.

முதல் வகை எளிது. விழுப்புரத்து உணவகம் ஒன்றில் உண்டதற்கு 240 உருபா. உணவகத்துக்கு வரி ஒரு மா. 240-ஐ இருபதால் வகுத்தால் 12. கொடுக்க வேண்டியது 252. சீட்டில் 6, 6 என்று இரண்டு வரிகளாக இருத்தல் வேண்டும். பதினெட்டு விழுக்காடாயின் இவ்வாறு செய்க: ஐந்தில் ஒன்றை எடுத்து, அதிலிருந்து பத்தில் ஒன்றைக் கழித்துவிடுக. 450 உருபாயில் ஐந்தில் ஒன்று 90, அதில் பத்தில் ஒன்று 9, கழித்தால் 81. அதுவே வரி.

இரண்டாம் வகையில்தான் கருத்து வேண்டும். உறையிட்ட பொருளின்மேல் அச்சிட்டிருக்கும் பெரும சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை. அதன்மேல் ஒரு காசும் வரியாகச் சேர்த்தல் கூடாது. அதற்குள் இருக்கும் வரியைக் காண விலையை இருபதால் வகுத்தல் பிழை. 100 உருபாப் பொருள் 5 உருபா வரியுடன் 105 ஆகின்றது. 105-இல் 5 என்பது இருபத்தொன்றில் ஒன்று. ஆகவே உள்ளடங்கிய ஐந்து விழுக்காட்டைக் காண 21-ஆல் வகுக்க வேண்டும். பதினெட்டு விழுக்காடாயின் 118-இல் 18. அதாவது 59 உருபாய்க்கு 9 உருபா. தோராயமாக ஆறரையில் ஒரு பங்கு. நாற்பது விழுக்காடாயின் ஏழில் இரண்டு பங்கு.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பம் ஒரு கிழமைக்கு வாங்கும் பொருள்களை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக விளங்குமாறு விலைகள் இங்கே வைக்கப்பட்டுள்ளன.

மூட்டையிலிருந்து அளந்து தந்த அரிசி 10 கிலோ, 520 உருபா: வரி இல்லை.
காய்கறி 130 உருபா: வரி இல்லை.
பிள்ளைகளின் எழுதுசுவடிகள் 150 உருபா: 2025 செபுதம்பர் 22 முதல் வரி இல்லை; அதற்கு முன் நூற்றுக்கு 12 இருந்தது.
கடலெண்ணெய் ஒரு பை 210 உருபா: உள்ளடங்கிய வரி 10 உருபா.
குளியல் வழலை மூன்று 126 உருபா: வரி 6 உருபா.
பற்பசை 84 உருபா: வரி 4 உருபா.
ஈரட்டி 42 உருபா: வரி 2 உருபா.
துணி வெளுக்கும் தூள் 118 உருபா: நூற்றுக்கு 18 ஆகையால் வரி 18 உருபா.

மொத்தம் 1,380 உருபா. அதில் வரி 40 உருபா. தில்லிக்கு 20, தமிழ்நாட்டுக்கு 20. வரியுள்ள ஐந்து பொருள்களில் ஒரே ஒரு தூள் மட்டும் 18 உருபாயை எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். இதைத் தெரிந்துகொண்ட இல்லத்தரசி எதைக் குறைக்கலாம், எதை உள்ளூரில் செய்துகொள்ளலாம் என்று எண்ணத் தொடங்குவாள். தெரியாதவளுக்கு எல்லாம் ‘விலை ஏறிவிட்டது’ என்னும் ஒரே பெருமூச்சுதான்.

இக்கணக்கால் மற்றொரு பயனும் உண்டு. வழலையும் பற்பசையும் ஈரட்டியும் மேற்சொன்ன நாளுக்கு முன் நூற்றுக்கு 18 வரி உடையவை. வரி மட்டும் குறைந்து அடிப்படை விலை மாறாதிருந்தால், அன்று 118 உருபாய்க்கு விற்றது 105 உருபாய்க்கு வரவேண்டும். 59 உருபாய்க்கு விற்றது 52 உருபா 50 காசுக்கு வரவேண்டும். அவ்வாறு வந்ததா என்பதை யார் பார்ப்பது? வரிக் குறைப்பின் பயனை வணிகர் தமக்கே வைத்துக்கொண்டால் முறையிடுவதற்கென்று சரக்கு, பணி வரிச் சட்டத்தின் 171-ஆம் பிரிவின்கீழ் ஓர் ஏற்பாடு இருந்தது. 2025 ஏப்பிரல் 1 முதல் அதன்கீழ்ப் புதிய முறையீடுகள் ஏற்கப்படுவதில்லை. காவல் விலகியபின் வரி குறைந்தது. எனவே வாங்குவோரின் கணக்கறிவே இன்று எஞ்சிய காவல்.

அரிசியில் ஒரு முறைகேடு உண்டு. 2022 சூலை 18 முதல், முன்னரே உறையிட்டுப் பெயர் ஒட்டிய அரிசி 25 கிலோவும் அதற்குக் குறைவுமாயின் நூற்றுக்கு 5 வரி. அதற்கு மேலாயின் வரியில்லை. அதன் விளைவாகவே கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின. 26 கிலோவை ஒருசேர வாங்கக் கையில் பணமுள்ளவனுக்கு வரி இல்லை. 5 கிலோ உறை வாங்கும் அன்றாடங் காய்ச்சிக்கு வரி உண்டு. அவன் செய்யத்தக்கது ஒன்றே: உறையிட்டதை விட்டு, மூட்டையிலிருந்து அளந்து தருவதை வாங்குதல். அதற்கு வரியில்லை. இந்த ஒரு செய்தி தெரிந்தால் ஒவ்வோர் ஆயிரத்திலும் ஏறத்தாழ 48 உருபா அவன் மடியில் நிற்கும்.

சீட்டில் பார்க்க வேண்டுவன

வரி தண்டும் உரிமை எல்லாக் கடைக்கும் இல்லை. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கும் கடை, ஆண்டு விற்றுமுதல் 40 இலக்கத்துக்கு உட்பட்டதாயின், பொதுவாகப் பதிவு பெறவேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி என்று தனியே ஒரு காசும் வாங்கக் கூடாது. தெருமுனைப் பலசரக்குக் கடைகள் பல இவ்வகையின. அவர்கள் வரிச்சீட்டுத் தரவில்லை என்று ஐயுறுதல் தகாது.

இரண்டாம் வகை, தொகுப்பு முறையில் பதிவு பெற்றவர். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட வணிகர் இதில் சேரலாம். அவர் தம் விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று, உணவகமாயின் நூற்றுக்கு ஐந்து, தம் கையிலிருந்து செலுத்துவார். வாங்குவோரிடம் வரி தண்டும் உரிமை அவருக்கு இல்லை. தாம் தொகுப்பு முறையினர் என்பதைக் கடையில் அறிவிப்பாக வைக்கவும், வரி தண்டத் தகுதியில்லை என்பதைச் சீட்டில் எழுதவும் அவர் கடமைப்பட்டவர்.

மூன்றாம் வகையே முழுப் பதிவு பெற்றவர். அவர் சீட்டில் பதினைந்து எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவெண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 33 என்றிருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு. 34 என்றிருந்தால் புதுவைப் பதிவு. பதிவெண்ணே இல்லாத சீட்டில் வரி மட்டும் தனியே தண்டியிருந்தால் அப்பணம் அரசுக்குச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. 200 உருபாய்க்குக் குறைந்த விற்பனைக்குச் சீட்டுத் தராமல் இருக்கப் பதிவு பெற்றவருக்கு இசைவு உண்டு; ஆனால் வாங்குவோர் கேட்டால் தந்தே ஆகவேண்டும். கேட்டால் என்னும் சொல்லை மனத்தில் வையுங்கள்.

புதுவை எல்லை காட்டும் உண்மை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார்க்கு மாநில எல்லை வரைபடத்தில் மட்டும் இருப்பதன்று. பேருந்தில் சிறிது நேரம் சென்றால் புதுவை. 2017-க்கு முன் இருபுறமும் விற்பனை வரி வேறுபட்டிருந்தது. வரி குறைந்த பக்கம் சென்று பொருள் வாங்கி வருவதும், எல்லையில் வணிகவரி அலுவலர் ஊர்திகளைத் தடுத்துப் பார்ப்பதும் வழக்கமாயிருந்தன. இன்று வழலைக்கும் பற்பசைக்கும் இருபுறமும் வரி ஒன்றே. எல்லை கடந்தால் வேறுபடுவன பெட்ரோலும் டீசலும் மதுவுமே.

வரி ஒன்றே என்பதனால் எங்கே வாங்கினாலும் ஒன்றே என்று கொள்ளுதல் தவறு. கடையில் நேரே வாங்கும் பொருளுக்குரிய மாநிலப் பாதி, பொதுவாக அக்கடை இருக்கும் ஆட்சிப் பகுதிக்கே சேரும். விழுப்புரத்தான் புதுவையில் வாங்கினால் அப்பாதி புதுவைக்கு. விழுப்புரத்திலேயே வாங்கினால் தமிழ்நாட்டுக்கு. 1,050 உருபாப் பொருளில் 25 உருபா எங்குச் செல்கின்றது என்பது வாங்குவோர் கால் எங்குச் சென்றது என்பதைப் பொறுத்தது. இணையம் வழியாக வெளிமாநிலத்திலிருந்து வருவிக்கும் பொருளுக்கு வரி ஒரே தொகையாக எழுதப்பட்டிருக்கும். அதன் மாநிலப் பங்கு பொருள் வந்து சேரும் மாநிலத்துக்கு உரியது. ஆகவே முகவரியில் தமிழ்நாடு என்று பிழையின்றி எழுதுவதும் ஒரு நாட்டுக் கடமையே.

உறையின்மேல் எம்மொழி?

இவ்வளவையும் அறிந்த ஒருவர் சீட்டைக் கையில் எடுக்கின்றார். அது ஆங்கிலத்தில் இருக்கின்றது. உறையைத் திருப்புகின்றார். விலையும் எடையும் நாளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கின்றன. இது அச்சிட்டவரின் சோம்பலால் மட்டும் நேர்ந்ததன்று. உறையிட்ட பொருள்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு எடையளவை விதிகளின் 9-ஆம் விதி, உறையின்மேல் தரவேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அல்லது ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. பிற மொழிகளைக் கூடுதலாகப் பயன்படுத்தத் தடையில்லை என்று ஒரு வரி பின்னால் ஒட்டப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் செய்து, தமிழ்நாட்டில் உறையிட்டு, தமிழ்நாட்டுக் கடையில் தமிழனுக்கு விற்கும் பொருளின்மேலும் தமிழ் மட்டும் போதாது. தமிழ் கூடுதல்! இந்தியோ ஆங்கிலமோ கட்டாயம்! விலை கொடுப்பவன் மொழி விருந்தாளியாகத் திண்ணையில் நிற்கின்றது.

விற்பனைச் சீட்டின் நிலை வேறு. சரக்கு, பணி வரி விதிகளில் 46-ஆம் விதி, வரிச்சீட்டில் எவையெவை இருக்கவேண்டும் என்று வரிசைப்படுத்துகின்றது: விற்பவர் பெயர், பதிவெண், நாள், பொருள், மதிப்பு, வரியளவு, வரித்தொகை முதலியன. இன்ன மொழியில்தான் இருக்கவேண்டும் என்று அவ்வரிசையில் இல்லை. அவ்வாறாயின் தமிழ்நாட்டுக் கடைகளின் சீட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதற்குத் தில்லியைக் குறைகூறிப் பயனில்லை. கணினியில் ஒருமுறை மாற்றி அமைத்தால் முடியும் செயல் இது. கடைக்காரர் தமிழர், வாங்குவோர் தமிழர், இடையிலுள்ள சீட்டு மட்டும் ஆங்கிலம். இந்நாணமின்மைக்குக் கரணியம் வேறெங்கும் இல்லை.

திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப்புலவரைப் பற்றி இவ்வூரில் ஒரு கதை வழங்குகின்றது. கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கின்றது என்பதை மாற்றிப் பாடிவிட்டனர் என்றும், பின்னர் வெள்ளம் வந்து ஆறே தன் போக்கை மாற்றிப் புலவர் சொல்லை மெய்யாக்கிற்று என்றும் கூறுவர். புலவர்க்கு அந்நற்பேறு வாய்த்தது. வாங்குவோர் கையிலுள்ள பிழைச்சீட்டைத் திருத்த எந்த ஆறும் கரை மாறி வாராது. அவரே படித்தாக வேண்டும். அவரே திருத்தச் சொல்லியாக வேண்டும்.

செய்யத்தக்கன

பெரிய போராட்டம் எதுவும் இதற்கு முதலில் வேண்டுவதில்லை. சீட்டைக் கேட்டு வாங்குதல். முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தல். உறை விலையின்மேல் வரி ஏற்றப்பட்டிருந்தால் அங்கேயே, அமைதியாக, கணக்கைக் காட்டிக் கேட்டல். கேட்டும் திருந்தாவிடில் நுகர்வோர் மன்றத்தை நாடுதல். இவை வாங்குவோர் செய்யத்தக்கன. தமிழன்பர் நடத்தும் கடை ஒவ்வொன்றிலும் சீட்டைத் தமிழில் அச்சிடுதல் விற்போர் செய்யத்தக்கது. ‘நடுவண் வரி, மாநில வரி, மொத்தம்’ என்னும் சொற்கள் தமிழில் இருந்தாலே முதியவர் ஒருவர் தம் பணம் எங்கே சென்றது என்பதை அறிந்துகொள்வார். 9-ஆம் விதியில் தமிழுக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெறுதல் தமிழ்நாட்டின் சார்பில் தில்லியில் அமர்ந்திருப்போர் செய்யத்தக்கது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று உண்டு. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் பள்ளி செல்லும் பிள்ளையை அழைத்து, அடுக்களையிலிருந்து ஒரு பற்பசை உறையை எடுத்துவரச் சொல்லுங்கள். விலையை 21-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். வந்த விடையை இரண்டாகப் பகுத்து, ஒரு பங்கு தில்லிக்கு, ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு, அந்த உறையில் எத்தனைச் சொல் தமிழில் இருக்கின்றது என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு கணக்கையும் அப்பிள்ளை மறவாது.